பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா: ஒரு சுரங்க ஊர் எப்படிப் பெருத்தது, ஏன் சிறுத்தது

ஸ்லோவாக்கியாவின் மலை ஊர் என்றதும் பலருக்கும் வடக்கே உள்ள தத்ரா மலையின் பனிமுகடுகள்தான் நினைவுக்கு வரும். பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா அங்கே இல்லை. நாட்டின் நடுப்பகுதியில், காடு மூடிய தாழ்ந்த எரிமலைத் தொகுதி ஒன்றின் மேல் இருக்கிறது. இதைப் பற்றிய பயணக் குறிப்புகளில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும்: வெள்ளி கிடைத்தது, ஊர் வளர்ந்தது, வெள்ளி தீர்ந்தது, ஊர் சுருங்கியது. கூடவே இரண்டு எண்களும் வரும். 18ஆம் நூற்றாண்டில் 40,000 பேர், இன்று சுமார் 10,000 பேர்.

இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் முக்கியமான பகுதி விடுபட்டிருக்கிறது. ஊரை நிலைநிறுத்தியது வெள்ளி மட்டுமல்ல, தண்ணீரை ஆண்ட விதம். அந்த இரண்டு எண்களும் ஒரே பரப்பைக் குறிப்பவையும் அல்ல. நிலவமைப்பு, வரலாறு, மக்கள்தொகை மூன்றையும் இந்த ஊரில் தனித்தனியாகப் படித்தால் எதுவும் பிடிபடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும்.

நிலம்: உயரத்தில் ஊர், பள்ளத்தில் ஆறு

தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து சாலை வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் போனால் ஷ்டியாவ்னிட்சா மலைகள் வரும். அவற்றின் மிக உயர்ந்த முகடு சித்னோ, 1,009 மீட்டர். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவுகளில் படிப்படியாக ஏறி நிற்கிறது. சமதரை என்று சொல்ல இங்கே அதிகம் கிடையாது. ஒரு வீட்டின் கூரைமட்டம் அடுத்த தெருவின் தரைமட்டமாக இருப்பது இங்கே சாதாரணம்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, ஊர் நீர்பிரி முகட்டுக்கு அருகில் இருக்கிறது. மழை இருபுறமும் வழிந்து ஓடிவிடுகிறது. சிற்றோடைகள் உண்டு, ஆறு இல்லை. இரண்டாவது, ஹ்ரோன் ஆறு மலைக்கு மேற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்திலேயே ஓடுகிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே ஏறக்குறைய 400 மீட்டர் உயர வித்தியாசம். முதலாவது ஊருக்குப் பெரிய தலைவலி. இரண்டாவதுதான் பின்னால் அதைக் காப்பாற்றியது.

மலையின் பிறப்பு

ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே ஒரு பெரிய எரிமலை இருந்தது. அதன் அடியில் இருந்த உருகிய பாறைக் குழம்பு வெளியேறியதும் மேற்பகுதி தாங்கலின்றி உள்ளே அமிழ்ந்தது. அப்படி அமிழ்ந்து உண்டாகும் அகன்ற பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். இங்குள்ளது சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் கண்ணுக்குக் கிண்ணம் எதுவும் தெரியாது. மழையும் ஓடைகளும் அரித்து அரித்து, விளிம்பையும் நடுவையும் சாதாரண மலைகளாகவே ஆக்கிவிட்டன. பள்ளத்தின் நடுப்பகுதி பிற்பாடு மேலே உந்தப்பட்டதால் அடியில் இருந்த பாறைகள் மேற்பரப்புக்கு நெருங்கி வந்தன. ஊர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

பூமி அசைந்தபோது பாறைகளில் ஆழமான வெடிப்புகள் விழுந்தன. அடியிலிருந்து கொதிநீர் அந்த வெடிப்புகள் வழியே மேலேறியது. அந்த நீரில் உலோகங்கள் கரைந்திருந்தன. மேலே வர வர அழுத்தமும் வெப்பமும் குறைய, கரைந்தவை வெடிப்புச் சுவரில் படிந்தன. இப்படி வெடிப்பை நிரப்பிய கனிமப் பட்டைதான் தாது நரம்பு.

இங்குள்ள நரம்புகள் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குபவை. மேற்பகுதியில் வெள்ளியும் ஓரளவு தங்கமும் செறிந்திருக்கும். ஆழம் போகப் போக அவை குறைந்து ஈயமும் துத்தநாகமும் செம்பும் கூடும். அதனால்தான் "வெள்ளி தீர்ந்துவிட்டது" என்ற பேச்சைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். தாது தீரவில்லை. மலிவான தாதுவாக மாறியது, எடுக்கும் செலவும் ஆழத்தோடு ஏறியது.

ஆக, நரம்பு செங்குத்தாக இருப்பதால் சுரங்கம் பக்கவாட்டில் பரவ முடியாது, கீழேதான் போயாக வேண்டும். மலை உச்சியில் ஆறு இல்லை. ஆறு தொலைவில், தாழ்வில் இருக்கிறது. இனி மனிதர்களைப் பார்க்கலாம்.

வரலாறு, தேவையான அளவுக்கு

1156ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆவணம் இந்தப் பகுதியைச் 'சுரங்கக்காரர்களின் நிலம்' என்று குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், அப்போது இப்பகுதியை ஆண்ட ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் காலத்தில், ஊருக்கு நகர உரிமைகள் கிடைத்தன. ஜெர்மன் மொழி பேசும் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களோடு தொழில்நுட்பமும், யார் எங்கே தோண்டலாம் என்று வரையறுக்கும் எழுதப்பட்ட சுரங்கச் சட்டமும் வந்தன. நடுஸ்லோவாக்கியாவின் மூன்று சுரங்க நகரங்களைப் பொன் கிரெம்னிட்சா, வெள்ளி ஷ்டியாவ்னிட்சா, செம்பு பிஸ்ட்ரிட்சா என்று அடைமொழியோடு சொல்வது அந்த நாட்டு வழக்கம். இந்த பிஸ்ட்ரிட்சாவின் முழுப்பெயர் பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா. அது வேறு ஊர், இதைவிடப் பல மடங்கு பெரியது. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் படைகள் நெருங்கியபோது பழைய தேவாலயம் ஒன்றைக் கோட்டையாக மாற்றினார்கள். 1564 முதல் 1571 வரை குன்றின் மேல் புதுக்கோட்டை ஒன்றையும் கட்டினார்கள். வெள்ளிக்குக் காவல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சுரங்கத்துக்குள் நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது. அதுவரை பாறையை உடைக்க உளியும் சுத்தியலும்தான். இல்லையென்றால் பாறையின் மேல் விறகை எரித்துச் சூடாக்கி விரிசல் விழச் செய்வார்கள். 1627 பிப்ரவரியில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான திரோலைச் சேர்ந்த காஸ்பர் வைண்டல் இங்கே வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து காட்டினார். 'உலகிலேயே முதல்முறை' என்று இதைப் பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். வேறு ஊர்களும் அந்தப் பெருமைக்கு உரிமை கோருவதால், சுரங்கத்தில் வெடிமருந்தைப் பயன்படுத்தியதற்குத் தெளிவான ஆவணம் உள்ள மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்று என்று சொல்வதே சரி.

வெடிமருந்து வேகத்தைக் கூட்டியது. வேகம் ஆழத்தைக் கூட்டியது. ஆழத்தோடு தண்ணீரும் வந்தது.

தண்ணீர்: உள்ளே மிகுதி, வெளியே பஞ்சம்

கிணற்றை ஆழப்படுத்துகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஊற்றுக்கண் திறந்துவிட்டால் முதலில் இறைக்க வேண்டும், பிறகுதான் வெட்ட முடியும். இறைப்பு நின்றால் வேலையும் நின்றுவிடும். சுரங்கத்திலும் அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர், ஊற்று ஒரு நாளும் ஓய்வதில்லை, இறைப்பு இரவு பகலாக நடந்தாக வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் ஆட்களும் குதிரைகளும் சுற்றும் எந்திரங்களால் இறைத்தார்கள். ஆழம் இரட்டித்தால் அதே அளவு தண்ணீரை ஏற்ற இருமடங்கு உழைப்பு தேவை. ஆழத்தில் ஊறும் நீரின் அளவும் கூடுவதால், செலவு ஆழத்தைவிட வேகமாக ஏறும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்கங்களை மூடிவிடலாமா என்று அரசு யோசிக்கும் நிலை வந்துவிட்டது. அப்போதும் கீழே தாது இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தீர்வுகள் மூன்று திசைகளில் வந்தன. ஒன்று, நீராவி. 1722இல் ஐசக் பாட்டர் என்ற ஆங்கிலேயர், அருகில் உள்ள நோவா பான்யா சுரங்கத்தில் நியூகொமன் என்பவர் உருவாக்கிய வகை நீராவி எந்திரத்தை நிறுவினார். ஐரோப்பியப் பெருநிலத்தில் சுரங்க நீர் இறைக்க வந்த முதல் நீராவி எந்திரம் அதுதான். ஷ்டியாவ்னிட்சாவிலும் சில எந்திரங்கள் வந்தன. ஆனால் அவை விறகை விழுங்கின. தாதுவை உருக்கவும், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் அதே காட்டு மரம்தான் வேண்டும். இங்கிலாந்தைப் போலச் சுரங்க வாயிலிலேயே நிலக்கரி கிடைக்கும் இடம் அல்ல இது.

இரண்டாவது வழி, மழைநீரைத் தேக்கி அதன் விசையால் இறைப்பது. அதற்காகக் கட்டிய நீர்த்தேக்கங்களை உள்ளூரில் தாய்ஹ் என்பார்கள். நாம் ஏரி என்றே சொல்லலாம், ஏனென்றால் கட்டுமானம் நமக்குத் தெரிந்ததுதான்: மண்கரை, அதன் நடுவே நீர் கசியாமல் இருக்கக் களிமண் சுவர், மதகு, வரத்து வாய்க்கால்கள். ஒரே வேறுபாடு, இவை பாசனத்துக்கு அல்ல. மதேய் கொர்னேல் ஹெல், சாமுவேல் மிகோவீனி என்ற இரு பொறியாளர்கள் இந்த அமைப்பை விரிவாக்கினார்கள். மொத்தம் சுமார் 60 ஏரிகள், கொள்ளளவு ஏறத்தாழ 70 லட்சம் கனமீட்டர், அதாவது 700 கோடி லிட்டர். இன்று எஞ்சியிருப்பவை இரண்டு டஜன் அளவில். 1744இல் முடிந்த ரோஸ்கிரண்ட் ஏரியின் கரை சுமார் 30 மீட்டர் உயரம். அந்தக் காலத்து மண்கரைக்கு அது துணிச்சலான உயரம்.

இதில் கெட்டிக்காரத்தனம் கரையில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது. முகட்டில் ஆறு இல்லாததால், மலைச்சரிவைச் சுற்றி ஏறக்குறைய சமமட்டத்தில், மிக மெல்லிய சாய்வோடு வாய்க்கால் வெட்டினார்கள். சரிவில் வழிந்து ஓடும் மழையையும் பனியுருகு நீரையும் வழிமறித்து ஏரிக்குத் திருப்புவது அவற்றின் வேலை. மொத்த நீளம் 70 கிலோமீட்டரைத் தாண்டும். சாய்வு கூடினால் நீர் மண்ணை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கும். இலையுதிர் காலத்தில் சருகு அடைக்கும், குளிர்காலத்தில் உறையும். ஓர் இடத்தில் அடைத்தாலும் அதற்கு மேலே சேர்ந்த நீர் முழுவதும் கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் கட்டியதோடு செலவு முடியவில்லை, ஆண்டு முழுக்க ஆள்வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஏரி நீர் எப்படி இறைத்தது? முதலில் நீர்ச்சக்கரங்கள். பிறகு, 1749இல், மதேயின் மகன் ஜோசெஃப் கரோல் ஹெல் நீர்த்தம்ப எந்திரத்தை இயக்கிக் காட்டினார். உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீரின் எடை, உருளையில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் இறைப்புத் தண்டை அசைக்கும். நெருப்பு வேண்டாம், விறகு வேண்டாம். (இந்த ஜோசெஃபின் தம்பி மாக்சிமிலியான் ஹெல்தான், 1769இல் சூரியனைக் கடந்த வெள்ளிக் கோளை நார்வேயின் வடகோடியில் இருந்து அளந்த வானியலாளர். ஒரு குடும்பத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.)

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். மேலிருந்து இறக்கிய நீரும் சுரங்கத்துக்குள்தானே போகிறது, அதையும் சேர்த்து இறைக்க வேண்டாமா? இதற்கு விடை மூன்றாவது தீர்வில் இருக்கிறது: வடிகால் சுரங்கவழி. மலையின் பக்கவாட்டில், தாழ்ந்த பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய கிடையாகக் குடைந்து, சுரங்கத்தின் இடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நீண்ட வழி அது. வாயில் பக்கம் சற்றே சரிந்திருப்பதால் அதில் விழும் நீர் தானாக வெளியேறும். இயக்கும் நீரை இந்த மட்டத்திலேயே விட்டுவிடலாம். ஊற்று நீரையும் தரை வரை ஏற்ற வேண்டாம், இந்த மட்டம் வரை ஏற்றினால் போதும்.

புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு. சுரங்கத்தின் அடி 300 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். வடிகால் வழி 100 மீட்டர் ஆழத்தில் இருந்தால், இயக்கும் நீர் 100 மீட்டர் இறங்கும், ஊற்று நீர் 200 மீட்டர் ஏற வேண்டும். உராய்வை விட்டுவிட்டால், 1 லிட்டர் இறங்கி அரை லிட்டரை ஏற்றும். வடிகால் வழியை 200 மீட்டரில் குடைந்தால், இறக்கம் 200, ஏற்றம் 100. இப்போது 1 லிட்டர் இறங்கி 2 லிட்டரை ஏற்றும். வழி இருமடங்கு ஆழத்தில் போனதும் பலன் நான்கு மடங்கு. உராய்வும் கசிவும் உண்மையில் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஆனால் விகிதம் மாறாது.

இந்தக் கணக்கு தெரிந்தால்தான் வோஸ்னிட்சா வடிகால் வழியின் அர்த்தம் விளங்கும். ஹ்ரோன் ஆற்றங்கரையிலிருந்து ஷ்டியாவ்னிட்சாவின் அடிவரை சுமார் 16 கிலோமீட்டர். பேரரசர் இரண்டாம் ஜோசெஃப் காலத்தில், 1782இல் தொடங்கினார்கள். முடிந்தது 1878இல். 96 ஆண்டுகள்! தொடங்கியவர்களின் பேரன்களும் முடிவைப் பார்த்திருப்பது அரிது. ஆற்றுக்கும் ஊருக்கும் இடையே உள்ள அந்த 400 மீட்டர் வித்தியாசம் இல்லாவிட்டால் இப்படியொரு திட்டத்தை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

சுருங்கச் சொன்னால்: மழையை உச்சியில் பிடித்து, நடுவழியில் வேலை வாங்கி, ஊற்று நீரோடு சேர்த்து ஆற்றுக்கு அனுப்பினார்கள். ஏரி, நீர்த்தம்ப எந்திரம், வடிகால் வழி மூன்றும் தனித்தனிச் சாதனைகள் அல்ல, ஒரே எந்திரத்தின் உறுப்புகள்.

பள்ளிக்கூடம்

இப்படியொரு அமைப்பை நடத்தக் கைத்தொழில் அறிவு மட்டும் போதாது. மட்டம் பார்க்கவும் வரைபடம் போடவும் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். 1735இல் மிகோவீனியின் பொறுப்பில் ஒரு சுரங்கப் பள்ளி தொடங்கியது. 1762இல் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சி அதை உயர்கல்வி நிலையமாக்க முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு நிக்கோலஸ் ஜாக்வின் முதல் பேராசிரியரானார். அவர் நடத்தியது வேதியியலும் உலோகவியலும். மாணவர்கள் தாங்களே ஆய்வகத்தில் சோதனை செய்து கற்கும் முறை அப்போது புதிது. 19ஆம் நூற்றாண்டில் வனவியல் கல்வியும் சேர்ந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறி ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தது. 1919இல் கல்வி நிலையம் ஹங்கேரியின் ஷோப்ரோனுக்குப் பெயர்ந்தது. பேராசிரியர்கள், மாணவர்கள், அவர்களை நம்பியிருந்த விடுதிகள், கடைகள் என்று ஒரு வர்க்கமே ஊரிலிருந்து கழன்றது. மக்கள்தொகைக் கதையில் இந்த இழப்பைப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

எண்களை எப்படிப் படிப்பது

1782ஆம் ஆண்டுக்கு ஷ்டியாவ்னிட்சா ஹங்கேரி அரசின் மூன்றாவது பெரிய நகரம் என்று சொல்வார்கள். முன்னே இருந்தவை இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் நகரும் தெப்ரெசெனும். அதே ஆண்டுக்கு இரண்டு எண்கள் தரப்படுகின்றன: 23,192 பேர், சுற்றுக் குடியிருப்புகளைச் சேர்த்தால் சுமார் 40,000. இரண்டாவது எண்ணில் சேரும் சுரங்கக் குடியிருப்புகளில் ஷ்டியாவ்னிட்ஸ்கே பானே, பான்ஸ்கா பெலா போன்றவை இன்று தனி ஊராட்சிகள். எனவே அந்த 40,000ஐ 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 10,874உடன் ஒப்பிட்டு 'நான்கில் ஒரு பங்காகிவிட்டது' என்பது, வெவ்வேறு பரப்புகளை ஒப்பிடும் பிழை. நகரத்தை நகரத்தோடு வைத்தால் பாதிக்கும் சற்றுக் கீழே. அதுவும் பெரிய சரிவுதான். ஆனால் வேறு அளவு.

சரிவுக்கு ஒரே காரணம் இல்லை. ஆழத்தில் தாது மலிவானது. 1870களுக்குப் பின் உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்தது. வடிகால் வழி முடிந்தது சரியாக அந்த நேரத்தில் என்பது வரலாற்றின் குறும்பு. ரயில் 1873இல்தான் வந்தது, அதுவும் குறுகிய பாதை. வழக்கமான முழு அளவுப் பாதை 1949 வரை காத்திருந்தது. ஆலைகள் பள்ளத்தாக்கு நகரங்களைத் தேடிப்போன காலத்தில் ஊர் மேலேயே நின்றுவிட்டது.

எண்களில் அடுத்த பொறி, இனமும் மொழியும். ஹங்கேரி அரசு 1880 முதல் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்டது. செக்கோஸ்லோவாக்கியா 1921 முதல் தேசிய இனத்தைக் கேட்டது. வீட்டில் ஒன்று, சந்தையில் இன்னொன்று, பள்ளியில் மூன்றாவது மொழி என்று வாழ்ந்த ஊரில், கேள்வி மாறினால் விடை மாறும். ஒருவர் வீடு மாறாமலே பட்டியலில் இடம் மாறியிருப்பார். பழைய ஆவணங்களைத் தேடுபவர்கள் ஷெம்னிட்ஸ் என்ற ஜெர்மன் பெயரையும் ஷெல்மெட்ஸ்பான்யா என்ற ஹங்கேரியப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். இல்லாவிட்டால் முக்கால்வாசி கைக்கு வராது.

யூதர்களின் கதை தனி. 1840இல் ஹங்கேரியச் சட்டம் நகரங்களில் யூதர்கள் குடியேற அனுமதித்தபோதும் சுரங்க நகரங்களுக்கு விலக்கு வைத்தது. அதனால் இங்கே யூதச் சமூகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உருவானது. 1942இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து யூதர்கள் வதைமுகாம்களுக்கு நாடுகடத்தப்பட்டபோது அது அழிக்கப்பட்டது. அது கூடியதற்கும் குறைந்ததற்கும் வெள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லை.

2001இல் மக்களில் ஏறத்தாழ 94 சதவீதம் ஸ்லோவாக்கியர்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஜிப்சிகள் என்றும் அழைக்கப்படும் ரோமா மக்கள் சுமார் 2 சதவீதம். ஆனால் கணக்கெடுப்பில் தன்னை ரோமா என்று பதிவுசெய்யத் தயங்குபவர்கள் ஸ்லோவாக்கியா முழுவதிலும் உண்டு என்பதால், அந்த எண்ணைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்வதே நல்லது.

இன்று

ஈயம், துத்தநாகம், செம்புக்காக அரசு நடத்திய சுரங்கங்கள் 1990களின் முற்பகுதி வரை ஓடின. அவை மூடிய காலத்திலேயே, 1993இல், பழைய நகரமும் சுற்றியுள்ள தொழில்நுட்பச் சின்னங்களும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின. பலர் தேவாலயங்களும் மாளிகைகளும்தான் பட்டியலில் இருப்பதாக நினைக்கிறார்கள். ஏரிகளும் சுரங்க அமைப்புகளும் அதில் அடக்கம்.

நீர் அமைப்பு முழுவதும் ஓய்வு பெறவில்லை. வோஸ்னிட்சா வழி இன்றும் சுரங்க நீரை ஹ்ரோனுக்கு வடிக்கிறது. ரோஸ்கிரண்ட் குடிநீருக்கான ஏரி, அதில் குளிக்கக் கூடாது. நீந்த வேண்டுமென்றால் ஊருக்கு அருகில் உள்ள கிளிங்கர் ஏரிக்கோ, சித்னோ அடிவாரத்தில் உள்ள போச்சூவாட்லோவுக்கோ போகிறார்கள். அருங்காட்சியகச் சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளிச்சட்டை எடுத்துப்போவது நல்லது. உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 10 பாகை செல்சியஸ்தான்.

ஊரில் இப்போது இருப்பவர்கள் பத்தாயிரத்தை ஒட்டியவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் படங்களில் தெரியும் பழைய தெருக்களில் வசிப்பதில்லை, கீழே ட்ரியென்யோவா என்ற சோஷலிசக் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் வசிக்கிறார்கள். மேலே, சுரங்க முதலாளிகள் வாழ்ந்த வீடுகளில் பல இன்று விருந்தினர் விடுதிகள். அதனால் கோடை வார இறுதியில் தெருவில் காணும் கூட்டத்தை வைத்தோ, நவம்பர் மாலையில் காணும் வெறுமையை வைத்தோ ஊரின் மக்கள்தொகையை ஊகித்தால் இரண்டுமே தப்பாகத்தான் போகும்.